மாரி மழையில் எருக்குவியல்: திருகோணமலை வளவுக்காரருக்கு ஒரு வழிகாட்டி

சில வருடங்களுக்கு முன், ஒரு மார்கழியில், ரொறன்ரோவில் இருக்கும் என் மச்சாள் ஒரு படம் அனுப்பினாள். அவளுடைய வீட்டுக் கோடியில் ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் பெட்டி, அதன் மேல் முழங்கால் உயரத்துக்குப் பனி. "உள்ளுக்குக் கிடக்கிற குப்பை கல்லு மாதிரி உறைஞ்சு போச்சுது. சித்திரை மட்டும் ஒண்டும் செய்ய ஏலாது. உங்களுக்கென்ன, குளிரே இல்லாத ஊர்" என்று எழுதியிருந்தாள். அந்த நேரம் நான் உப்புவெளியில் ரப்பர் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, கணுக்கால் தண்ணீரில் நின்று, கூழாகிப்போன என் எருக்குவியலை மண்வெட்டியால் அள்ளிக்கொண்டிருந்தேன். மணம் றோட்டு வரைக்கும் போயிருந்தது.

நம்முடைய ஊரில் குளிர்காலம் என்றால் வாடைக்காற்றும் மழையும்தான். ஒக்டோபர் நடுப்பகுதியில் தொடங்கி ஜனவரி வரை இழுக்கும். நவம்பரிலும் டிசம்பரிலும் மட்டும் சராசரியாக மாதத்துக்கு 300 மில்லிமீற்றருக்கு மேல் கொட்டுகிறது. ஆனால் இரவில்கூட வெப்பநிலை 23, 24 பாகை செல்சியஸுக்குக் கீழே போவது குறைவு. குப்பையை எருவாக்கும் நுண்ணுயிர்களுக்கு அந்தக் குளிர் ஒரு பொருட்டே இல்லை. கனடாவில் அவற்றின் வேலையை நிறுத்துவது உறைபனி. இங்கே நிறுத்துவது தண்ணீர்.

குவியலுக்குள் சருகுக்கும் சருகுக்கும் நடுவே சின்னச் சின்ன இடைவெளிகள் உண்டு. அவற்றில் காற்று நிற்கும்வரை எல்லாம் ஒழுங்காக நடக்கும். அதே இடைவெளிகளில் தண்ணீர் நிரம்பிவிட்டால், ஒட்சிசன் உள்ளே போக வழியில்லை. காற்றில் நகர்வதைவிடத் தண்ணீரில் அது ஏறத்தாழப் பத்தாயிரம் மடங்கு மெதுவாக நகரும். காற்று வேண்டிய நுண்ணுயிர்கள் ஒடுங்க, காற்றே வேண்டாதவை தலையெடுக்கும். நாற்றம் அவற்றின் வேலை. இன்னொரு நட்டம் கண்ணுக்குத் தெரியாது: நைதரசனும் பொட்டாசியமும் மழை நீரில் கரைந்து மணலுக்குள் இறங்கிவிடும். நாலு மாதம் பாடுபட்டுச் சேர்த்த எருவில் மிஞ்சுவது வெறும் சக்கைதான்.

அதனால் மாரியில் எரு செய்வது என்பது, மழையை வெளியே நிறுத்திக்கொண்டு காற்றை உள்ளே விடுகிற வேலை. இந்த இரண்டில் ஒன்றைச் செய்யப்போய் மற்றதைக் கெடுப்பதுதான் புதிதாகத் தொடங்குகிறவர்கள் விடும் பிழை. நானும் அதைத்தான் விட்டேன், கீழே சொல்கிறேன்.

சருகு சேமிப்பு: ஆடி முதல் புரட்டாதி வரை

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால், இதைச் செய்யுங்கள். மழை தொடங்கின பிறகு காய்ந்த சருகு எங்கும் கிடைக்காது. குசினிக் கழிவு மட்டும் நாள் தவறாமல் வந்துகொண்டிருக்கும்: மரக்கறித் தோல், தேங்காய்ப்பூச் சக்கை, வாழைப்பழத்தோல், தேயிலைச் சக்கை. எல்லாமே ஈரம். இந்த ஈரத்தைக் குடிக்க உலர்ந்த பொருள் இல்லாவிட்டால் எந்தக் கூரையும் குவியலைக் காப்பாற்றாது. விறகை மழைக்கு முன் அடுக்கி வைக்கிற மாதிரி சருகையும் அடுக்கி வைக்க வேண்டும்.

கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் இங்கே சருகுக்குக் குறைவில்லை. மா, வேம்பு, பலா எல்லாம் கொட்டும். பின்னேரம் ஐந்து மணியானால் ஒவ்வொரு வளவிலும் கூட்டிக் குவித்து நெருப்பு வைப்பார்கள். எனக்கு அந்தப் புகையைக் கண்டால் வயிறு எரியும். வெட்கப்படாமல் போய்க் கேளுங்கள். "எரிக்காதேங்கோ அக்கா, சாக்கு தாறன், அதுக்குள்ள போட்டு வையுங்கோ" என்று நான் இரண்டு வீடுகளில் சொல்லி வைத்திருக்கிறேன். நாலு பேர் இருக்கிற ஒரு வீட்டுக்கு, மாரி முழுவதற்கும் பன்னிரண்டு முதல் பதினைந்து உரப்பைச் சருகு வேண்டிவரும். காலால் மிதித்து நிரப்பி, வாயைக் கட்டி, கொட்டிலுக்குள்ளோ வீட்டுத் தாழ்வாரத்திலோ பலகை மேல் அடுக்குங்கள். வெறும் நிலத்தில் வைத்தால் அடிப்பை ஈரம் பிடித்துக் கறையான் ஏறும்.

சருகு போதாவிட்டால் வேறு வழிகளும் உண்டு. தம்பலகாமப் பக்கம் ஆட்கள் தெரிந்திருந்தால் சிறுபோக வெட்டு முடிந்ததும் வைக்கோல் எடுக்கலாம், மழைக்குச் சற்று முன்னரே வெட்டு முடிந்துவிடும் என்பதால் காலம் பொருந்தி வரும். மரக்காலையில் மரத்தூள் கிடைக்கும். ஆனால் மரத்தூளில் கரிச்சத்து மிக அதிகம், உக்க நீண்ட காலம் எடுக்கும், அதனால் அளவாகத்தான் சேர்க்க வேண்டும். மருந்தடித்த மரத்தின் தூளும் ஒட்டுப்பலகைத் தூளும் வேண்டாம். தும்புச்சோறு ஈரத்தை நன்றாக உறிஞ்சும். நெல் உமி லேசில் உக்காது, ஆனால் அமுங்காமல் நின்று காற்றுக்கு இடம் விடும். கடைகளில் கேட்டால் அட்டைப்பெட்டி தருவார்கள். ஒட்டுநாடாவை உரித்துவிட்டு உள்ளங்கை அளவில் கிழித்து வையுங்கள்.

இடம் பார்த்தல்

உப்புவெளி, நிலாவெளி, சல்லிப் பக்கம் மணல் நிலம். மழை விழுந்த கையோடு தண்ணீர் இறங்கிவிடும் என்று நினைத்து ஏமாறக்கூடாது. மார்கழியில் கிணற்றுத் தண்ணீர் கைக்கெட்டும் உயரத்துக்கு வரும்போது, நிலத்துக்குக் கீழேயிருந்தும் ஈரம் ஏறும். உவர்மலைப் பக்கம் சரிவு. அங்கே மேலிருந்து ஓடி வருகிற வெள்ளம் குவியலுக்கு நடுவால் போகும். இரண்டு இடத்திலும் செய்யவேண்டியது, வளவில் இருப்பதற்குள் மேடான மூலையைப் பார்ப்பது. எது மேடு என்று தெரியாவிட்டால் முதல் பெருமழையில் குடையோடு வெளியே போய் நின்று பாருங்கள். தண்ணீர் கடைசியாகத் தேங்குகிற, அல்லது தேங்கவே தேங்காத இடம் எதுவோ அதுதான்.

கூரைத் தண்ணீர் விழுகிற இடம் வேண்டாம். தென்னைக்குக் கீழே வேண்டாம் (தேங்காய் தலையில் விழுவது ஒரு காரணம், வண்டு மற்றது, அதைப் பிறகு சொல்கிறேன்). கிணற்றுக்கு எவ்வளவு தள்ளி முடியுமோ அவ்வளவு தள்ளி. நான் 50 அடி விட்டிருக்கிறேன். குவியலிலிருந்து வடிகிற கறுப்புத் தண்ணீர் குடிக்கிற தண்ணீரில் கலக்கக்கூடாது. வடகிழக்குப் பக்கம் ஒரு மதிலோ கிடுகு வேலியோ இருந்தால் நல்லது. வாடை மழை நேராக விழாது, சாய்வாகத்தான் அடிக்கும்.

அடித்தளம்

நிலத்தில் நேரடியாகக் குப்பை போடுவது கச்சான் காலத்துக்குச் சரி. மாரிக்கு ஒரு முழமாவது உயர்த்த வேண்டும். நான் செய்வது: முதலில் மண்வெட்டியால் மண்ணைக் கொத்தி நடுவை மேடாக்கி, சுற்றிவர ஒரு சாண் ஆழத்தில் வாய்க்கால் வெட்டி, அதைத் தாழ்வான பக்கம் ஒரு வாழைக்கு விடுவேன். வடிகிற சத்து வாழைக்குப் போகட்டும். மேட்டின் மேல் பொச்சுமட்டைகளைக் குழிப் பக்கம் நிலத்தைப் பார்க்கக் கவிழ்த்து நெருக்கமாக அடுக்க வேண்டும். நிமிர்த்தி வைத்தால் ஒவ்வொன்றும் ஒரு சின்னக் கிண்ணம், தண்ணீர் நிற்கும், நுளம்பு முட்டையிடும். அதற்கு மேல் தென்னை மட்டைத் தண்டுகள், முருங்கைத் தடி, கிளிரிசீடியாக் கதியால் வெட்டுகையில் மிஞ்சிய கொம்புகள் என்று குறுக்கும் நெடுக்குமாக ஓரடி உயரத்துக்குப் போடுங்கள். கீழேயிருந்து காற்று வருவது இந்த வழியால்தான். இதை அவசரப்பட்டுச் செய்தால் தை மாதம் வரை வருந்த வேண்டிவரும்.

குவியலைக் கட்டுதல்

புரட்டாதி கடைசியில், முதல் மழைக்கு முன், ஒரே நாளில் கட்டி முடிப்பது நல்லது. நாளொன்றுக்கு ஒரு வாளி என்று சேர்த்துக்கொண்டு போகிற குவியல் சூடாகாது. நீளம், அகலம், உயரம் மூன்றும் குறைந்தது 3 அடி, முடிந்தால் 4 அடி. இதைவிடச் சின்னது உள்ளே சூட்டைப் பிடித்து வைக்காது. சூடான குவியல் தன் ஈரத்தைத் தானே ஆவியாக்கி வெளியே அனுப்பும், மாரியில் நமக்கு வேண்டிய உதவி அது.

கலவைக் கணக்கு எளிது. கரிச்சத்து 25 முதல் 30 பங்கு, நைதரசன் 1 பங்கு என்பது புத்தகக் கணக்கு. கையில் அதற்கு ஒரு வாளி பச்சைக்கு இரண்டு வாளி உலர்ந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள், மழை தொடங்கியதும் அதை மூன்றாக்குங்கள். பச்சை என்பது நிறத்தைச் சொல்வதில்லை: மாட்டுச்சாணம், கோழி எரு, குசினிக் கழிவு, வெட்டின புல், கிளிரிசீடியாக் குழை எல்லாம் இந்தக் கணக்கில்தான் வரும். சருகு, வைக்கோல், மரத்தூள், அட்டை எல்லாம் உலர்ந்த பக்கம். வேலியில் கிளிரிசீடியா நிற்கிறவர்களுக்கு நைதரசனுக்குப் பஞ்சமில்லை. குழையை வெட்டி ஒரு நாள் வாடவிட்டுச் சேர்த்தால் போதும்.

ஒரு சாண் உயரத்துக்குச் சருகு, அதன் மேல் நாலு விரல் உயரத்துக்குப் பச்சை, கையளவு பழைய எருவோ தோட்ட மண்ணோ, பிறகு திரும்பச் சருகு. எல்லாவற்றையும் முடிந்தவரை சிறிதாக நறுக்குங்கள். அடுக்கி முடிந்ததும் ஏறி மிதிக்கக்கூடாது, அப்படியே தளர்வாக இருக்கட்டும். உச்சியைத் தட்டையாக விடாமல் கூர்ப்பாக முடித்து, வைக்கோலோ சருகோ அரையடிக்குப் போர்த்திவிடுங்கள்.

மூன்றாம் நாள் அலவாங்கை எடுத்துக் குவியலின் நடுவில் சாய்வாகக் குத்தி, பத்து நிமிடம் விட்டு, உருவிப் பாருங்கள். முனையைப் பிடிக்க முடியாத அளவுக்குச் சுட்டால் எல்லாம் சரி. நன்றாக வேலை செய்கிற குவியலின் நடு 55, 60 பாகை வரை போகும். கன்னியாவில் வாளியால் அள்ளி ஊற்றுகிற வெந்நீரைவிட அது சூடு. அலவாங்கு இளஞ்சூடாக, பாற்சோற்றுச் சட்டி மாதிரி இருந்தால் பச்சை போதவில்லை. குளிர்ந்து, நுனியில் கறுப்புச் சேறு ஒட்டி வந்தால் ஈரம் கூடிவிட்டது.

கூரை, என் பிழையோடு சேர்த்து

முதல் வருடம் நான் ஒரு நீலத் தறப்பாளை வாங்கிக் குவியலை நிலம் வரை மூடி, சுற்றிவரக் கல்லு வைத்து அமுக்கினேன். ஒரு துளி மழை உள்ளே போகவில்லை என்று பெருமை வேறு. இரண்டு கிழமை கழித்துத் திறந்தபோது உள்ளே கறுப்புக் கூழ். குசினிக் கழிவிலிருந்த ஈரமே வெளியேற வழியில்லாமல் தறப்பாளின் உட்பக்கம் துளித்துளியாகப் பிடித்து, திரும்பவும் குவியலில் வடிந்திருக்கிறது. பக்கத்து வளவு ஐயா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "தம்பி, மனுசன் மாதிரித்தான், தலையோட போர்த்தா மூச்சு முட்டும்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அந்த நாற்றத்துக்கு வேறு யாராவது என்றால் இன்னும் நிறையச் சொல்லியிருப்பார்கள்.

கூரை குவியலைத் தொடாமல் நிற்க வேண்டும். நாலு மூலைக்கும் நாலு கதியால், வடகிழக்குப் பக்கம் தாழ்வாகவும் மறுபக்கம் உயரமாகவும். மேலே கிடுகு வேய்ந்தால் மிக நல்லது, அது மழையைத் தடுக்கும், ஆவியை விடும். தகரம் போட்டால் காற்றுக்குப் பறக்காமல் கம்பியால் கட்ட வேண்டும். கூரை விளிம்பு குவியலைத் தாண்டி ஒன்றரை அடியாவது வெளியே நீட்டிக்கொண்டிருக்கட்டும். வாடை அடிக்கிற பக்கத்தில் மட்டும் ஒரு கிடுகுத் தட்டியைச் சாத்திவிடுங்கள், மற்ற மூன்று பக்கமும் திறந்தபடி.

கூரை போட வசதியில்லை, தறப்பாள்தான் இருக்கிறது என்றால் குவியலுக்கு மேலே நீளவாட்டில் ஒரு கயிறோ தடியோ கட்டி, அதன் மேல் தறப்பாளைக் கூடாரம் மாதிரிப் போடுங்கள். இரண்டு பக்கமும் நிலத்துக்கு ஒரு முழம் மேலேயே நிற்கட்டும். தறப்பாளில் குழி விழக்கூடாது. இரண்டாம் வருடம் என் தறப்பாள் தொய்ந்து, மேலே ஒரு சின்னக் குளம் கட்டியிருந்தது. குனிந்து பார்த்தால் நுளம்புப் புழுக்கள் துள்ளிக்கொண்டிருந்தன. டெங்கு நுளம்பு முட்டையிலிருந்து பறக்கிறதற்கு ஒரு கிழமை, பத்து நாள் போதும். 2017 மார்ச்சில் கிண்ணியா பட்ட பாட்டை இந்த மாவட்டத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஒவ்வொரு மழைக்கும் பிறகு தறப்பாளைத் தட்டிவிடுங்கள், சிரட்டை, யோகட் கப், முட்டைக்கோது ஒன்றும் குவியலைச் சுற்றி நிமிர்ந்து கிடக்கக் கூடாது. முட்டைக்கோதை நொறுக்கியே போடுங்கள்.

அன்றாட வேலை

குசினியில் மூடியுள்ள ஒரு வாளி. அடியில் ஒரு பிடி மரத்தூள் அல்லது கிழித்த அட்டை போட்டுத் தொடங்கினால் வாளி நாறாது. நிரம்பியதும் குவியலில் ஒரு குழி தோண்டி, கொட்டி, உடனே மூன்று மடங்கு சருகால் மூடுங்கள். மேலே தெரிகிற மாதிரிப் போட்டால் காகம், நாய், பூனை, குரங்கு எல்லாம் பந்திக்கு வந்துவிடும். கோட்டைப் பக்கத்தில் வீடுள்ளவர்களுக்கு மான்களும் சேர்த்தி. வாழைப்பழத்தோல் என்றால் அவை வேலிக்கு மேலாலும் கழுத்தை நீட்டும். பொலித்தீன் பையோடு எறிவது அவற்றுக்கு ஆபத்து, பையைப் பிரித்துவிட்டே கழிவைப் போடுங்கள்.

மாரியில் சிலவற்றைத் தவிர்த்துவிடுவது நிம்மதி. சமைத்த சோறு, எண்ணெய்க் கறி, மீன் கழிவு. கச்சான் காலத்தில் மீன் செதிலையும் குடலையும் சூடான நடுப்பகுதியில் ஆழமாகத் தாழ்த்துவேன், நல்ல பசளை. மாரியில் குவியல் எப்போது குளிரும் என்று சொல்ல முடியாததால் அதைத் தென்னைக்கு அடியில் குழி வெட்டித் தாட்டுவிடுவேன். அடுப்புச் சாம்பல் ஒரு பிடி தூவலாம், வாளிக்கணக்கில் வேண்டாம். புதுச் சாணத்தோடு சாம்பல் நிறையச் சேர்ந்தால் நைதரசன் காற்றோடு போய்விடும்.

கார்த்திகை விளக்கீடு முடிந்த மறுநாள் ஒழுங்கை முழுக்க வாழைக்குற்றி கிடக்கும். இலவசம்தானே என்று எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு வந்து குவியலில் போட்டுவிடாதீர்கள். வாழைத்தண்டு பெரும்பகுதி தண்ணீர். ஒரு குற்றியைத் துண்டு துண்டாக வெட்டி, இரண்டு மூன்று நாள் தாழ்வாரத்தில் வாடவிட்டு, சருகோடு கலந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கலாம்.

வாடைக் கடல் கரையில் ஒதுக்குகிற சாதாளைக்கு மட்டும் மழை ஒரு உதவி செய்கிறது. அதில் பொட்டாசியம் நிறைய உண்டு, உப்பும் உண்டு. ஒரு கிழமை மழையில் பரப்பி வைத்தால் உப்புக் கழுவுப்படும். பிறகு நறுக்கிப் பச்சையின் பங்கில் சேர்க்கலாம்.

ஈரம் பார்க்கக் கருவி ஒன்றும் வேண்டாம். ஒரு முழ ஆழத்திலிருந்து ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழியுங்கள். இரண்டொரு துளி விரலிடுக்கில் எட்டிப் பார்த்தால் சரியான பதம். பிட்டுக்கு மாக் குழைத்தவர்களுக்கு இது சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை: பிடித்தால் பிடிபட வேண்டும், தட்டினால் உதிர வேண்டும். தண்ணீர் கையால் ஒழுகினால் அன்றைக்கே சருகு சேர்த்துப் புரட்ட வேண்டும். உதிர்ந்து புழுதியானால், கூரை நன்றாக வேலை செய்து உள்ளே காய்ந்துவிட்டது என்று அர்த்தம். மார்கழியிலும் இது நடக்கும். அரை வாளி தண்ணீர் தெளியுங்கள்.

புரட்டுவது எப்போது

மச்சாளின் ஊரில் குளிர் முடியும் வரை புரட்டுவதில்லை. உள்ளே இருக்கிற கொஞ்சச் சூடும் வெளியேறிவிடும் என்ற பயம். சுற்றிவர வைக்கோல் கட்டு, இலைப்பை என்று அணைத்து வைத்துவிட்டுக் காத்திருப்பார்கள். இங்கே அதை அப்படியே செய்யக்கூடாது, இரண்டு கிழமைக்கு ஒருமுறை புரட்டத்தான் வேண்டும். ஆனால் நாள் பார்த்து. மழை விட்டு வெயில் தெரிகிற நாள், அதுவும் காலை பத்து மணிக்குப் பிறகு. வானொலியில் வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் என்று சொன்னால் அந்தக் கிழமை தொடாதீர்கள்.

பக்கத்தில் இன்னொரு அடித்தளம் போட்டு வைத்திருந்தால் வேலை பாதி. வெளிப்பக்கம் இருந்தது உள்ளே, உள்ளே இருந்தது வெளியே என்று மாற்றிக்கொண்டு போகும்போதே ஒவ்வொரு அடுக்குக்கும் இரண்டு பிடி சருகு தூவுங்கள். நாலு பல் உள்ள முள்மண்வெட்டி இருந்தால் முதுகு தப்பும். முழுதாகப் புரட்ட ஏலாத வயதானவர்கள் அலவாங்கால் ஏழெட்டு இடத்தில் ஆழமாகக் குத்தி ஆட்டிவிட்டாலே காற்று போகும். அடுக்கும்போதே நடுவில் துளையிட்ட குழாயையோ சோளத்தட்டைக் கட்டையோ நிமிர்த்தி வைத்தும் விடலாம்.

கையுறையும் சப்பாத்தும் கட்டாயம். எலி வருகிற இடத்தில் எலிக்காய்ச்சல் பயம் உண்டு, காலில் சின்ன வெட்டுக்காயம் போதும் கிருமி ஏற. சூடான உலர்ந்த மேடு என்றால் மழைக்குப் பாம்பும் தேடி வரும். முதலில் தடியால் தட்டிச் சத்தம் போட்டுவிட்டு, தறப்பாளை உங்கள் பக்கம் தூக்காமல் மறுபக்கமாகத் தூக்குங்கள். புடையன் சுருண்டு கிடந்ததை ஒருமுறை பார்த்த பிறகு நான் இதில் சமரசம் செய்வதில்லை.

புரட்டும்போது பெருவிரல் தடிப்பில், வெள்ளையாக, அரைவட்டமாகச் சுருண்ட புழுக்கள் வந்தால் கவனியுங்கள். காண்டாமிருக வண்டின் புழுவாக இருக்கலாம். வளர்ந்த வண்டு தென்னங்குருத்தைத் துளைக்கும். குவியலைத் தென்னையடியில் வைக்க வேண்டாம் என்றது இதனால்தான். பொறுக்கிக் கோழிக்குப் போடுங்கள், அவை ஒன்றையும் மிச்சம் வைக்காது. பெரிய ஆபிரிக்க நத்தைகளை இரவில் ரோர்ச் லைற்றோடு போய் உறைபோட்ட கையால் பொறுக்கி, உப்புக் கரைத்த வாளியில் போடுவேன். மண்புழு, மரவட்டை, தட்டையான பழுப்புப் புழுக்கள் எல்லாம் நம் ஆட்கள், விட்டுவிடுங்கள்.

மணம் சொல்லும் சேதி

கூழ்முட்டை மணம் வந்தால் காற்று இல்லை. அன்றே திறந்து சருகு சேர்த்துப் புரட்ட வேண்டும். மூக்கில் ஏறுகிற, கண்ணைக் கரிக்கிற மணம் வந்தால் பச்சை கூடிவிட்டது, சாணமோ கோழி எருவோ அதிகம். மரத்தூள் அல்லது அட்டை சேருங்கள். ஒரு மணமும் இல்லை, சூடும் இல்லை, நாளாக நாளாகக் குவியலும் இறங்கவில்லை என்றால் பச்சை போதாது. நல்ல குவியலுக்கு முதல் மழை விழுந்த மண்ணின் மணம் இருக்கும்.

புயலும் வெள்ளமும்

2020 டிசம்பர் 2 இரவு புரெவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கே கரையேறியது. அப்படி எச்சரிக்கை வரும்போது குவியலின் கூரையைக் கழற்றிக் கீழே வைத்துவிடுங்கள். பறக்கிற தகரம் ஆளை வெட்டும், எரு நனைந்தால் உலர்த்தலாம். கழற்றினதும் குவியல் மேல் வாழையிலையைச் செறிவாக அடுக்கி, மேலே நாலு மட்டை வைத்துக் கயிற்றால் கட்டினால் ஓரிரவு தாங்கும்.

குவியல் முழுக்க நனைந்துவிட்டால் மனம் விட வேண்டாம். முதல் வெயிலில் முழுவதையும் ஒரு சாண் தடிப்புக்குப் பரப்பி அரை நாள் காயவிடுங்கள். புது அடித்தளம் போட்டு, மூன்று சாக்குச் சருகும் அரைச் சாக்கு உமியும் கலந்து திரும்பக் கட்டுங்கள். போன நைதரசனுக்காக ஒரு சட்டி சாணம் கரைத்துத் தெளித்தால் நாலைந்து நாளில் அலவாங்கு திரும்பச் சுடும். மேலே சொன்ன அந்த மார்கழிக் கூழ் இப்படித்தான் மீண்டது. வெள்ளம் மலக்குழியைத் தொட்டு வந்திருந்தால் மட்டும் அந்த எருவைக் கீரைக்கோ பச்சையாகச் சாப்பிடுகிற எதற்குமோ போடாதீர்கள், மரங்களுக்குப் போடுங்கள்.

தை மாதம்

புரட்டாதியில் கட்டினது தைப் பொங்கலுக்குப் பிறகு பெரும்பாலும் தயாராகும். குவியல் பாதிக்கும் கீழே இறங்கி, கறுத்து, எது எதுவாக இருந்தது என்று அடையாளம் தெரியாமல் இருக்கும். உறுதிப்படுத்த ஒரு பிடியை ஈரமாக ஒரு பையில் கட்டி மூன்று நாள் வைத்துத் திறந்து மணந்து பாருங்கள். புளித்த மணம் வந்தால் இன்னும் இரண்டு கிழமை. அல்லது ஒரு சிரட்டையில் அந்த எருவைப் போட்டுப் பத்துப் பயறு ஊன்றுங்கள். குறைந்தது எட்டு முளைத்து, இலை மஞ்சளிக்காமல் நின்றால் கத்தரிக் கன்றுக்கும் வெண்டிக்கும் தைரியமாகப் போடலாம்.

மழை முழுதாக விடுமுன் எருவைப் பரப்பி வீணாக்காதீர்கள். மணல் நிலத்தில் ஒரு பெருமழை போதும் அதைக் கழுவ. அரித்தெடுத்த எருவை உரப்பையில் நிரப்பி, வாயை லேசாகக் கட்டி, பலகை மேல் நிழலில் வையுங்கள். கன்று நடுகிற அன்று குழிக்கு இரண்டு கை வீதம் போட்டு, மேலே சருகு மூடாக்கு. அரிதட்டில் தங்குகிற பொச்சுத் துண்டு, தடி, பாதி உக்கின மட்டை இவற்றை எறியவேண்டாம். நுண்ணுயிர் அப்பிக் கிடக்கிற அந்தக் கழிப்பைத்தான் அடுத்த குவியலின் முதல் அடுக்காக நான் போடுவது.